ஆடு அசைபோடக் காத்திருந்த ஞாயிற்றுக்கிழமைகள்

என்னுடைய ஞாயிற்றுக்கிழமைகளை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே டாக்டர் தன் அக்கா மகளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

ராஜபாளையத்தில் எலும்பு முறிவுக்கென்று இருக்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதினான்கு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால் சாயங்காலம் கூட்டத்தில் நசுங்கித் திரும்புவேன். ஆறு நாள் இப்படி ஓடினால் ஏழாவது நாள் மட்டும் எனக்கு. அன்றைக்கு சர்ச், பாடகர் குழு, மத்தியானத் தூக்கம். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்குப் புதுப் பாட்டுகளைப் பழகத் தொடங்கியிருந்த சமயம் அது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். அவருடைய அக்கா மகள் கால்நடை மருத்துவம் முடித்துவிட்டு ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கிறாள். விலங்குகள் தீனி தின்னும்போது தாடை எப்படி அசைகிறது என்பதை எக்ஸ்ரே வீடியோவாக எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அவள் கல்லூரியில் இருந்த இயந்திரம் ஏதோ ஒரு பாகத்துக்காக மாதக்கணக்கில் காத்துக்கிடக்கிறது. நம்மிடம் பழைய சி-ஆர்ம் சும்மாதானே இருக்கிறது, லைசென்சும் இருக்கிறது, நீங்களும் இருக்கிறீர்கள் என்றார்.

சி-ஆர்ம் என்பது ஆபரேஷன் நடக்கும்போதே எலும்பைத் திரையில் காட்டுகிற இயந்திரம். சி என்ற ஆங்கில எழுத்தைப் போல வளைந்த பெரிய கை. அதன் ஒரு முனையில் கதிர் புறப்படும் குழாய், மறுமுனையில் கதிரை வாங்கிப் படமாக்கும் உருளை. நடுவில் நோயாளி. காலடியில் இருக்கிற பெடலை மிதித்தால் கதிர் பாயும், திரையில் எலும்பு அசையும். காலை எடுத்தால் நிற்கும். புதிய இயந்திரம் வந்த பிறகு பழையது பின்பக்கத்துப் பழைய ஆபரேஷன் தியேட்டரில் துணி போர்த்திக் கிடந்தது.

“ஆட்டுக்கா டாக்டர்?” என்று கேட்டேன்.

“ஆட்டுக்கும் எலும்புதானேம்மா. நாலு ஞாயிறு. அதுக்கு மேல ஆகாது” என்றார்.

ஒன்பது ஆனது.

முதல் ஞாயிறு நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் எனக்கு முன்பே வந்து துணியை உருவிப்போட்டு இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும். சிரித்த முகம். ‘அக்கா, அக்கா’ என்று மூச்சுக்கு மூன்று தடவை கூப்பிட்டாள். எனக்கு அன்றைக்கு இருந்த எரிச்சலில் அந்த அக்காவும் எரிச்சலாகத்தான் இருந்தது. நான் அவளை மேடம் என்றே கூப்பிட்டேன்.

பத்து மணிக்குக் குட்டியானை வண்டியில் இரண்டு வெள்ளாடுகள் வந்து இறங்கின. கல்லூரி விலைக்கு வாங்கி, கான்சாபுரத்தில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் கொட்டிலில் வளர்க்க விட்டிருந்த ஆடுகள். கறுப்பு ஒன்று, செவலை ஒன்று. கறுப்பு ஆட்டின் மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் கடுகளவு உலோக மணிகளை முன்பே மயக்கம் கொடுத்துப் பதித்திருந்தார்களாம். படத்தில் அந்த மணிகள் கரும்புள்ளிகளாகத் தெரியும். புள்ளிகள் நகர்வதை வைத்து தாடை எப்படித் திரும்புகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று கணக்கிடலாம். செவலை ஆட்டுக்கு அடுத்த மாதம் பதிப்பதாக இருந்தார்கள். கறுப்பைப் பிரிந்து கொட்டிலில் தனியாக நிற்க மாட்டாமல் அது கத்தித் தீர்க்கிறது என்பதால் பட்டாளத்துக்காரர் அதையும் கூடவே ஏற்றி வந்திருந்தார்.

அவர் என்னை சிஸ்டர் என்றார். நான் நர்ஸ் இல்லை என்று மூன்று ஞாயிறு சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஆட்டை நிறுத்த ஒரு மரக்கூண்டு செய்து வைத்திருந்தார்கள். தலை மட்டும் வெளியே நீட்டிக்கொள்ளலாம். சி-ஆர்மை ஆட்டின் முகத்துக்கு இருபக்கமும் வரும்படி திருப்பி வைத்து, ஈய ஏப்ரனை மாட்டிக்கொண்டு, எல்லோரையும் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நிறுத்தி, பெடலை மிதித்தேன். திரையில் ஆட்டின் மண்டை வந்தது. கூடவே வரிசையாக ஏழு பெரிய ஆணிகள். கூண்டின் குறுக்குச் சட்டத்தில் ஆசாரி அறைந்தவை. சரியாகத் தாடைக்கு மேலேயே வந்து உட்கார்ந்திருந்தன. கடுகு மணிகளைக் காணவே முடியவில்லை.

அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. ஆணியே இல்லாமல் மரமுளையும் பசையும் வைத்து வேறு கூண்டு செய்ய வேண்டும் என்று சொன்னேன். ஒருவர்கூட இதை முன்னால் யோசிக்கவில்லையா என்று நினைத்ததைச் சொல்லவில்லை.

இரண்டாவது ஞாயிறு புதுக் கூண்டு வந்தது. வாய்க்குள் போகிற தீனி படத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக அகத்திக் கீரையில் பேரியம் மாவைக் குழைத்துப் பூசியிருந்தாள். வயிற்று எக்ஸ்ரேக்கு முன்னால் மனிதர்களுக்குக் குடிக்கக் கொடுக்கிற அதே சுண்ணாம்பு மாதிரியான மாவுதான். குடித்துவிட்டுத் திட்டாத நோயாளியை நான் பார்த்ததில்லை. ஆடு ஒரு இலையை வாங்கியது, நாக்கால் வெளியே தள்ளியது, தும்மியது. அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. கடலைப் புண்ணாக்கில் கலந்து வைத்தபோது இரண்டு நக்கு நக்கியது. நான் மிதித்தேன். இரண்டு நக்கோடு நிறுத்திவிட்டது. தொடங்கிவிடும் தொடங்கிவிடும் என்று அவள் சொல்லச் சொல்ல நானும் மிதித்துக்கொண்டே இருந்தேன். குழாய் சூடாகி, இயந்திரம் கூவென்று சத்தம் போட்டுத் தானே நின்றது. ஆற இருபத்தைந்து நிமிடம் ஆகும். அந்த இருபத்தைந்து நிமிடமும் ஆடு புண்ணாக்கைச் சட்டி தெரிய நக்கித் தின்றது.

மூன்றாவது ஞாயிற்றுக்கு அவளுக்கு வேறு யோசனை வந்திருந்தது. தீனி தின்பதைவிட அசைபோடுவதை எடுப்பது எளிது என்றாள். ஆடு அசைபோடும்போது ஒரே தாளத்தில் மெல்லும், ஒரே இடத்தில் தலையை வைத்திருக்கும். முன்பே பேரியம் கலந்து தின்ற தீனி இரைப்பையிலிருந்து உருண்டையாக மேலே வரும், மெல்லும், விழுங்கும். அந்த விழுங்குவதுதான் அவளுக்கு முக்கியம். மெல்லுகிற தாடை எந்த நொடியில் நிற்கிறது, நாக்கின் அடி எலும்பு எப்போது எழும்புகிறது, இரண்டும் எப்படி ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கின்றன என்பதை ஆட்டில் இப்படி யாரும் தெளிவாக எடுத்துப் பார்த்ததில்லை என்று சொன்னபோது அவள் குரல் மாறியது. அவள் சும்மா பட்டத்துக்காக அலைகிறவள் இல்லை என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். அது தெரிந்ததால் என் எரிச்சல் குறைந்தது என்று சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் ஆடு அசைபோடவில்லை. பின்பக்கம் ஜெனரேட்டர் நிழலில் படுத்துக்கொண்டு இரண்டு ஆடுகளும் கண்ணை மூடிக்கொண்டு அழகாக அசைபோடும். கறுப்பை மட்டும் எழுப்பித் தியேட்டருக்குள் கொண்டுவந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிடும். காதை விறைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கத்தும்.

“வண்டில வந்த அலுப்பு சிஸ்டர். செத்த நேரம் விட்டுப் பாப்போம். பொறவு தானா மெல்லும்” என்பார் பட்டாளத்துக்காரர். செத்த நேரம் என்பது மத்தியானம் இரண்டு மணி வரை போகும்.

நான்காவது ஞாயிறும் அப்படியே. அன்று பன்னிரண்டு மணிக்கு அந்தப் பெண் பொறுமை இழந்து, தடுப்புக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, ஒரு கொத்து அகத்தியைக் கையில் எடுத்து ஆட்டின் வாயருகே நீட்டினாள். அசைபோடாவிட்டாலும் தின்னவாவது தின்னட்டும் என்று. ஆடு அவள் கையிலிருந்து வாங்கித் தின்றது. மனுஷக் கை என்றால் தின்கிறது.

“அக்கா, தின்னுது, மிதிங்க.”

“கையை எடுங்க மேடம்.”

“எடுத்தா நிறுத்திரும். ஒரு நிமிஷந்தான்.”

“கதிர் போற எடத்துல உங்க கை இருக்கு. நான் மிதிக்க மாட்டேன்.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நிமிடக் கதிரால் என்ன ஆகிவிடும், விமானத்தில் போனால்கூடக் கொஞ்சம் வாங்கத்தான் செய்கிறோம், இதெல்லாம் எனக்கும் படித்துத் தெரியும் என்று படபடவென்று சொன்னாள். நான் பெடலிலிருந்து காலை எடுத்துத் தள்ளி நின்றேன். எங்கள் வேலையில் இது முதல் பாடம். குழந்தைக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது தாய் பிடித்துக்கொள்ளலாம், அதுவும் ஏப்ரன் மாட்டிக்கொண்டு, கை கதிரின் பாதைக்குள் வராமல். அப்படி வந்தால் மிதிக்கக் கூடாது. அவ்வளவுதான். அதில் டாக்டர் வீட்டுப் பெண் என்று தனிக் கணக்குக் கிடையாது.

அவள் அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் செய்து தெலுங்கில் பேசினாள். எனக்குப் புரியாது என்ற நினைப்பு. பதினான்கு வருடம் ராஜபாளையத்தில் வேலை பார்த்தவளுக்கு இந்த அளவு தெலுங்குகூடவா தெரியாமல் போகும். நான் ‘மொண்டி’யாக இருக்கிறேன் என்று சொன்னாள். பிடிவாதக்காரி என்று அர்த்தம். தமிழில் நாங்கள் கால் விளங்காதவர்களை அப்படிச் சொல்வோம். பெடலில் கால் வைக்காதவளுக்குப் பொருத்தமான பெயர்தான்.

அடுத்த வாரம் டாக்டர் என்னை ஓய்வெடுக்கச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, ரொம்ப அலைந்துவிட்டீர்கள், இந்த ஞாயிறு வர வேண்டாம் என்று தன்மையாகச் சொன்னார். நான் சர்ச்சுக்குப் போனேன். ஒரு மாதம் கழித்துப் போனதால் பாட்டில் என் குரல் எங்கே ஏற வேண்டும் எங்கே இறங்க வேண்டும் என்பதே தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர் வாயைப் பார்த்துச் சமாளித்தேன். மனசு முழுக்க அந்தப் பழைய தியேட்டரில் இருந்தது. இன்றைக்கு யார் மிதிக்கிறார்கள் என்ற ஒரே கேள்வி.

திங்கள் காலை முதல் வேலையாகப் போய் இயந்திரத்தைத் திறந்து பார்த்தேன். பதினொரு துண்டுப் படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் ஆட்டின் தாடைக்கு முன்னால் ஒரு பெண்ணின் விரல் எலும்புகள், அதில் ஒன்றில் கறுப்பு வளையமாக ஒரு மோதிரம். நாலைந்து படங்களில் ஓரத்தில் இன்னொரு கை, பெரியது, ஆட்டின் கொம்பைப் பிடித்திருந்தது. அந்தக் கை யாருடையது என்று எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பதினான்கு வருடம் திரையில் பார்த்த கை. சுண்டு விரலில் சின்ன வயதில் முறிந்து கோணலாகச் சேர்ந்த எலும்பு. டாக்டர் ஒரு கையால் கொம்பைப் பிடித்துக்கொண்டு, தானே காலால் மிதித்திருக்கிறார்.

பார்த்து முடித்ததும் வழக்கப்படி படங்களை அழித்திருக்க வேண்டும். பழைய இயந்திரம், அதற்குள் கொஞ்சம்தான் கொள்ளும். நான் அழிக்கவில்லை. நாளைக்கு ஏதாவது பேச்சு வந்தால் காட்டுவதற்கு இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு இருந்த ஆத்திரத்தில் அது நியாயமாகத்தான் பட்டது.

அந்தச் சனிக்கிழமை அவள் நேராக எக்ஸ்ரே அறைக்கே வந்தாள். முகம் வாடியிருந்தது. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் படங்களைப் பார்த்துவிட்டு எதுவும் உதவாது என்று சொல்லிவிட்டாராம். முக்கியமான இடத்தை விரல்கள் மறைக்கின்றன என்பது ஒன்று. மனுஷக் கை கதிருக்குள் இருக்கிற படத்தை வெளியே காட்டினால் ஆராய்ச்சிக்குக் கொடுத்த அனுமதியையே பறித்துவிடுவார்கள் என்பது இன்னொன்று. மறுபடி எடுக்க வேண்டும், முறையாக. வருவீர்களா என்று கேட்டாள்.

நான்தான் அப்போதே சொன்னேனே என்ற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. அதற்குப் பதிலாக வேறொன்று வாயில் வந்துவிட்டது.

“மாமா கை விரலை என்னைக்காவது பக்கத்துல பாத்திருக்கீங்களா?”

“ஏன்? தோல் வெடிச்சிருக்கும். கை கழுவுற சோப்பு ஒத்துக்கலைன்னு சொல்வாங்க.”

“அந்த சோப்பைத்தான் நானும் போடுறேன். எனக்கு ஒண்ணும் இல்லையே. நகமெல்லாம் வரிவரியா கறுத்துப்போய் இருக்கு பாருங்க. ஒடஞ்ச எலும்பைக் கையால புடிச்சுக்கிட்டே மிதி, மிதின்னு சொல்லுவாரு. நழுவிரும்மா, சீக்கிரம்னுவாரு. பதினாலு வருசம் நாந்தான் மிதிச்சேன்.”

சோப்புதான் காரணமா, கதிர்தான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல நான் தோல் டாக்டர் இல்லை. ஆனால் எனக்கு என்ன தோன்றுகிறது என்பது எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் இரண்டு தடவை டாக்டரிடம் கையை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். சிரித்தார். மூன்றாவது தடவை சொல்லவில்லை. டாக்டர்தானே, அவருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன். அவருடைய அக்கா மகளிடம் நான் காட்டிய பிடிவாதத்தை அவரிடம் ஒருநாளும் காட்டவில்லை. அதைச் சொல்லும்போதுதான் அது எனக்கே உறைத்தது.

அவள் மோதிரம் போட்ட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “நாளைக்கு வாங்கக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் கை கதிருக்குள் வரவில்லை.

ஆறாவது ஞாயிறு நீளமான பிளாஸ்டிக் குழாயின் நுனியில் அகத்தியைக் கட்டி நீட்டினோம். ஆடு குழாயைக் கண்டு மிரண்டு கூண்டையே தூக்கிக்கொண்டு பின்னால் போனது. அன்று வேறொன்றும் நடக்கவில்லை. கூண்டைப் பெரிதாக்கி, ஆடு உள்ளேயே படுத்துக்கொள்ளும்படி செய்தால் என்ன என்று பட்டாளத்துக்காரர் சொன்னார். அதற்கு ஒரு வாரம். சி-ஆர்மை அந்த அளவுக்குத் தாழ்த்த முடியாது என்று நான் சொல்ல, கூண்டை மேடை மேல் ஏற்றினார்கள்.

ஏழாவது ஞாயிறு வழக்கம்போல கறுப்பு உள்ளே கத்திக்கொண்டிருந்தது. வெளியே செவலையும் பதிலுக்குக் கத்திக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் தடுப்புக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அப்போது தாழ்வாரத்து டைல்ஸ் தரையில் டக்டக்கென்று குளம்புச் சத்தம். செவலை கயிற்றை உருவிக்கொண்டு, ஆபரேஷன் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு வருகிற வழியாகவே நேரே தியேட்டருக்குள் வந்துவிட்டது. பட்டாளத்துக்காரர் வெடுக்கென்று எழுந்தார். அதற்குள் செவலை கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்று மோந்து பார்த்தது. கறுப்பு கத்துவதை நிறுத்தியது.

“ஏலே, சும்மா இருலே” என்று அவர் ஆட்டைத்தான் அதட்டினார். ஆனால் இழுக்கவில்லை. அவருக்கும் புரிந்துவிட்டது. கயிற்றை எட்டிப் பிடித்து, இயந்திரத்துக்கு அந்தப் பக்கமாகத் தள்ளிக் கட்டிவிட்டு, ஓசைப்படாமல் தடுப்புக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். கறுப்பு முன்னங்காலை மடித்தது. பிறகு பின்னங்காலையும். கண் சொருகியது. கழுத்தில் ஒரு அசைவு தெரிந்ததும் அந்தப் பெண் என் தோளைத் தொட்டாள். மிதித்தேன்.

இத்தனை வருடம் எத்தனையோ எலும்பைத் திரையில் பார்த்திருக்கிறேன். எல்லாம் உடைந்தவை, நகர்ந்தவை, ஆணி அறைந்தவை. தன் வேலையைத் தானே ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிற எலும்பை அன்றுதான் பார்த்தேன். கழுத்தின் கீழிருந்து ஒரு கறுத்த நிழல் உருண்டு மேலே ஏறி வாய்க்குள் நுழைந்தது. கீழ்த்தாடை ஒருமுறை தளர்ந்து இறங்கியது. பிறகு அரைக்கத் தொடங்கியது. ஆட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. முதல் நாள் பார்த்தபோது பல் விழுந்துவிட்டதோ என்று நினைத்திருந்தேன். கடைவாய்ப் பற்கள் மட்டும் ஒன்றின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்து விலகின. கடுகு மணிகள் ஒவ்வொரு முறையும் ஒரே வழியில் போய் ஒரே வழியில் திரும்பின. நாக்கின் அடியில் இருந்த சின்ன எலும்பு ஊஞ்சல் மாதிரி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கடைசியில் தாடை நின்றது. அந்தச் சின்ன எலும்பு வெடுக்கென்று மேலே எழும்பியது. நிழல் வந்த வழியே கழுத்துக்குள் இறங்கிப் போனது. குழாய் சூடாகிவிடும் என்று நான் காலை எடுத்தேன்.

அவள் அழுதுகொண்டிருந்தாள். “அம்புட்டுத்தானா?” என்று பட்டாளத்துக்காரர் கேட்டார். அவ்வளவுதான் என்று சொன்னேன்.

பிறகு படத்தைத் திரும்ப ஓட்டினேன். உருண்டை ஏறியது. தாடை இறங்கியது. அரைத்தது. பத்தொன்பதாவது நொடியில் நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினேன். பத்தொன்பது நொடிதான். திரையின் மூலையில் சின்ன எழுத்தில் இடமில்லை என்று இருந்தது. அந்தப் பதினொரு விரல் படங்களை நான் அழிக்காமல் வைத்திருந்தேனே, அவை அடைத்துக்கொண்டு கிடந்தன. திரையில் முழுதாக ஓடியது. பதிவானது பாதிகூட இல்லை. விழுங்கியது இல்லை.

நான் சொல்லாமல் விட்டிருந்தால் இயந்திரம் பழசு என்று போயிருக்கும். சொன்னேன். எதற்காக வைத்திருந்தேன் என்பதையும் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் பென்டிரைவை நீட்டி, “இருக்கிறதை ஏத்திக் கொடுங்கக்கா” என்றாள். ஏற்றிக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டாள். பட்டாளத்துக்காரர் என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார். என் தப்பு என்றேன். அவர் இரண்டு ஆடுகளையும் அவிழ்த்துக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினார். அன்றைக்கு பஸ்ஸில் ஊர் வந்து சேரும் வரை எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. எல்லார் மேலும் இருந்த கோபம் மொத்தமும் திரும்பி என் மேலேயே விழுந்தது.

எட்டாவது ஞாயிறு செவலை பக்கத்தில் இருந்தும் கறுப்பு தூங்கியதே தவிர அசைபோடவில்லை. ஒன்பதாவதில், தாடை பக்கவாட்டில் எப்படிப் போகிறது என்பதையாவது எடுப்போம் என்று சி-ஆர்மைத் திருப்பித் தாடைக்கு அடியிலிருந்து எடுத்தோம். நன்றாக அசைபோட்டது. ஒரே பக்கமாக மென்றது. நான் இடம் இருக்கிறதா என்று ஐந்து தடவை பார்த்தேன். நல்ல படம், ஆனால் அந்தக் கோணத்தில் விழுங்குவது தெரியாது. மறுபடி பழையபடி முகத்துக்கு இருபக்கமும் வரும்படி திருப்பி மிதித்தபோது குழாய் ஒரு முறுமுறுப்போடு நின்றது. சூடு ஆறிய பிறகும் வரவில்லை. இயந்திரத்தைப் பராமரிக்கிறவர் வந்து பார்த்துவிட்டு, இதற்கு இனிமேல் குழாய் கிடைக்காது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அறுப்பின் பண்டிகை அதற்கு முந்தைய வாரமே முடிந்துவிட்டிருந்தது.

டாக்டர் இதைப் பற்றி என்னிடம் எதுவும் பேசவில்லை. அடுத்த புதன்கிழமை செட்டியார்பட்டியிலிருந்து மணிக்கட்டு முறிந்த ஒருவரை ஆபரேஷனுக்குக் கொண்டுவந்தார்கள். எலும்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, “மிதிம்மா” என்றார். கையை எடுத்தால் மிதிக்கிறேன் என்றேன். தியேட்டரில் இருந்த மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்தது. பிறகு எலும்பைப் பிடிக்கும் நீளமான இடுக்கியைக் கேட்டார். ஆபரேஷன் இருபது நிமிடம் அதிகமானது. அதிலிருந்து சில நாள் இடுக்கி எடுக்கிறார், சில நாள் கையோடு நிற்கிறார். கையோடு நின்றால் நானும் காலை எடுத்துவிட்டு நிற்கிறேன். தோல் டாக்டரிடம் போங்கள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். இன்னும் போகவில்லை.

ஆடுகள் கான்சாபுரத்திலேயே இருக்கின்றன. மணி பதித்த ஆட்டைக் கறிக்கு விற்கக் கூடாது என்று எழுதி வாங்கியிருப்பதால் கறுப்புக்கு ஆயுசு கெட்டி. செவலைக்கு மணி பதிக்கவே இல்லை.

போன மாதம் அந்தப் பெண் போன் செய்தாள். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாளாம். அசைபோடும்போது தாடை பக்கவாட்டில் போகிற விதத்தைப் பற்றி நன்றாக எழுத முடிந்தது, பேராசிரியருக்குத் திருப்தி என்றாள். நன்றி சொல்லும் பக்கத்தில் என்னையும் சேர்த்திருக்கிறாளாம்.

“விழுங்குறது?” என்று கேட்டேன்.

“அது இல்லக்கா. மேற்கொண்டு பார்க்கணும்னு ஒரு வரி எழுதி விட்டுட்டேன். இப்ப வேற ஒரு குழு செம்மறி ஆட்டுல அதை எடுக்கத் தொடங்கியிருக்காங்களாம்.”

“என்னாலதான போச்சு.”

“ஆமாக்கா” என்றாள்.

பரவாயில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் சமாதானம் கேட்கவில்லை. அவளுக்கு அடுத்து எங்கே வேலை, அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டோம்.